அண்ணன் வேண்டாமென்ற மாத்திரை

போன வாரம் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். முட்டி வலி. ஐம்பத்தைந்தைத் தாண்டிய பெண்ணுக்கு முட்டி வலிப்பது ஒரு செய்தியா, விடுங்கள். எனக்கு முன்னால் நின்ற ஆளின் சட்டையெல்லாம் சிமெண்ட். கடைக்காரரிடம், "ஒடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்றார்.

கடைக்காரர் தலையைத் தூக்காமலே, "செட்டெல்லாம் இப்ப குடுக்கறதில்லீங்க. டாக்டர் சீட்டு இருக்குதா?" என்றார்.

அந்த ஆள், "பத்து வருசமா வாங்கிட்டிருக்கறேன், இப்பதான் சீட்டு கேக்கறாங்க" என்று முனகிவிட்டு, அடுத்த கடையைப் பார்த்து நடந்தார். நான் என் சீட்டை நீட்டினேன். கையில் சீட்டு வைத்திருந்ததில் ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி இருந்தது.

செட்டு என்ற சொல்லைக் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. உங்கள் ஊரில் என்ன சொல்வார்களோ, எங்கள் நல்லம்பள்ளிப் பக்கம் அதற்கு அதுதான் பெயர். காய்ச்சலுக்கு ஒரு செட்டு, சளிக்கு ஒரு செட்டு, மேல்வலிக்கு ஒரு செட்டு. கடைக்காரர் நாலைந்து டப்பாக்களில் கைவிட்டு, வெள்ளையில் ஒன்று, ரோஸில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, பாதியாகக் கிள்ளிய ஏதோ ஒன்று என்று எடுத்து, சின்னக் காகித உறையில் போட்டு மடித்துத் தருவார். எந்த மாத்திரைக்கும் பெயர் கிடையாது. நிறம்தான் பெயர். எங்கள் அம்மா ஒரு செட்டு வாங்கினால் ஒரு வேளைதான் போடுவாள். மிச்சத்தைச் சீரக டப்பாவில் போட்டு வைப்பாள். பக்கத்து வீட்டில் யாருக்காவது பல்வலி என்றால், "அந்த ரோஸ் கலரு இருக்குதாக்கா?" என்று கேட்டு வருவார்கள். அம்மாவும் சீரகத்தை ஊதிவிட்டு எடுத்துக் கொடுப்பாள். இன்றைக்கும் எந்த மாத்திரையைப் பார்த்தாலும் எனக்குச் சீரக வாசனை அடிக்கும். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்.

மாத்திரைக்கு மேலே ஊசி. நல்லம்பள்ளியில் அப்போது ஒரே ஒரு டாக்டர். அவர் அறையில் ஸ்டவ் மேல் ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் ஊசிகள் எந்நேரமும் கொதித்துக்கொண்டிருக்கும். ஊசி போடாமல் அனுப்புகிற டாக்டரை யாரும் டாக்டர் என்று மதிக்க மாட்டார்கள். வத்தல்மலையிலிருந்து இறங்கி வந்த ஒருவர், "இவ்ளோ தூரம் எறங்கி வந்துக்கறோம், வெறும் மாத்தரையக் குடுத்து அனுப்பறீங்களே சார்" என்று சண்டைக்கு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். டாக்டர் களைத்துப் போன மனிதர். பேச முடியாமல் ஊசியை எடுத்துவிட்டார். அந்த ஊசியில் என்ன இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும். மலைக்காரர் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே, சிரித்த முகமாக வெளியே வந்தார்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்த புதிதில், மூன்று மணியானால் எனக்குத் தலைவலி வந்துவிடும். தலைவலியால் மாத்திரையா, மாத்திரைப் பழக்கத்தால் தலைவலியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. டீ வரும், கூடவே மாத்திரை. என் மேசையின் வலது டிராயர் முழுக்க மாத்திரை அட்டைகள். தலைவலி, வயிற்றுவலி, மாதவலி, யாருக்கு எது என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். செயலாளரே ஒருநாள், "டாக்டரம்மா, தோள்பட்டைக்கு ஏதாவது பாருங்க" என்று வந்து நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்ன மாத்திரை கொடுத்தேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. பச்சை அட்டை.

எங்கள் வீட்டில் வலி மருந்துகளின் உண்மையான அரசர் என் அண்ணன் பச்சியப்பன். லாரி டிரைவர். என்னைவிட ஏழு வயது மூத்தவர். முப்பது வருஷத்துக்கும் மேலாகச் சேலம், பெங்களூர், நாக்பூர், அதற்கும் மேலே என்று ஓட்டினார். அவருடைய வண்டியின் கேபினுக்குள் தலையை விட்டால் டீசல் வாசனைக்கு முன்னால் தைல வாசனைதான் வரும். முன் கண்ணாடிக்குக் கீழே எலுமிச்சம்பழம், சாமி படம், அதற்குப் பக்கத்தில் மஞ்சள் தைலப் பாட்டில், செய்தித்தாளில் சுருட்டிய மாத்திரை அட்டைகள். மாதத்தில் இரண்டு மூன்று நாள்தான் வீட்டுக்கு வருவார். வந்ததும் குப்புறப் படுத்துவிடுவார். காவேரி அண்ணி உப்பை வறுத்துத் துணியில் கட்டி, முதுகுக்கு ஒத்தடம் கொடுப்பாள். அவர் மறுநாள் கிளம்பிப் போய்விடுவார். அவர்களுடைய குடும்ப வாழ்க்கையில் பாதி அந்த ஒத்தடம்தான் என்று அண்ணியே ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

வரும்போதெல்லாம் ஒரு பை ஆரஞ்சு கொண்டுவருவார். "நாக்பூர் ஆரஞ்சு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். ஆளுக்கு இத்தனை சுளை என்று எண்ணி எங்களுக்கும் வரும்.

மாத்திரையை அவர் சாப்பாடு மாதிரி தின்றார். ஆனால் குடி கிடையாது. பீடி கிடையாது. வெற்றிலைகூடக் கிடையாது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. குப்புசாமி என்று அவருக்கு ஒரு கூட்டாளி. இருவரும் மாறி மாறி ஓட்டுவார்கள். வடக்கே சில இடங்களில் தூக்கம் வராமல் இருக்க டிரைவர்கள் அபின் போடுவார்களாம், டீயில்கூடக் கலந்து குடிப்பார்களாம். குப்புசாமி அதைப் பழகிக்கொண்டார். ஊருக்கு வந்தாலும் விடவில்லை. ஒருநாள் அவர் மட்டும் வேறொரு வண்டியை எடுத்துக்கொண்டு தொப்பூர்க் கணவாயில் இறங்கினார். பின்னால் அண்ணனின் வண்டி. முன்னால் போன வண்டி பிரேக் விளக்கே எரியாமல் வளைவில் நேராகப் போய்ப் பாறையில் மோதியதை அண்ணன் கண்ணால் பார்த்தார். ஓடிப் போய் உடலை இறக்கியதும் அவர்தான். அதற்கப்புறம் போதை என்ற சொல்லை எடுத்தாலே அண்ணன் முகம் மாறிவிடும். "வலிக்கு மாத்தரை போடலாம். மயக்கத்துக்கு ஒண்ணும் போடக் கூடாது" என்பார்.

அந்த முதுகுவலி எப்போது வேறு வலியாக மாறியது என்று யாருக்கும் தெரியாது. டிரைவருக்கு முதுகு வலிக்கும். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு மாத்திரை இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. வீட்டுக்கு வந்தால் படுக்காமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். "வண்டி சீட்டு சரியில்ல, மொதலாளிகிட்ட சொல்லி மாத்தணும்" என்றார். சீட்டையும் மாற்றினார்கள். கடைசியில் ஒருநாள் தொப்பூரில் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கப் போனவருக்குக் கால் தரையில் பதிந்ததே தெரியவில்லை. கடைக்காரர்கள்தான் தூக்கி உட்கார வைத்து எங்களுக்குப் போன் செய்தார்கள்.

ஸ்கேன் எடுத்தார்கள். நோய் சிறுநீர்ப் பைக்குக் கீழே இருக்கிற சுரப்பியில் தொடங்கி, முதுகெலும்புக்குப் போய்விட்டது என்றார்கள். புற்றுநோய் என்ற சொல்லை டாக்டர் இங்கிலீஷில் சொன்னார். அண்ணிக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். ஆனால் அவள் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"முதுகு எத்தன நாளா வலிக்குது?"

"டிரைவருங்களுக்கு எப்பவும் இருக்கறதுதானுங்களே சார்" என்றார் அண்ணன்.

"என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

அண்ணி ஒரு பிளாஸ்டிக் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். மேசை முழுக்க அட்டைகள். டாக்டர் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பையிலேயே போட்டுத் திருப்பிக் கொடுத்தார். முன்னாடியே வந்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அதற்காக இன்றுவரை அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

வைத்தியம் நடந்தது. ஊசிகள், கதிர் சிகிச்சை எல்லாம். கிட்டத்தட்ட ஒரு வருஷம் தாக்குப்பிடித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வண்டி மொதலாளி பார்க்க வந்தபோது, "ஆடி முடியட்டுங்க, வந்து வண்டிய எடுத்துக்கறேன்" என்றார். மொதலாளியும் சரி என்று தலையாட்டினார். பிறகு நோய் திரும்பி வந்தது. இந்த முறை வந்த வலி நாங்கள் அதுவரை பார்க்காத வலி.

அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. படுக்க முடியாது, உட்கார முடியாது. சுருட்டிய மெத்தைமேல் மார்பைச் சாய்த்துக்கொண்டு, ஜன்னல் கம்பி இரண்டையும் பிடித்தபடி இருப்பார். கம்பியை விட்டால் விழுந்துவிடுவார் என்பதுபோல. யாராவது கட்டிலின் ஓரத்தைத் தொட்டால்கூட, "இடிக்காத, இடிக்காத" என்பார். சத்தம் போட மாட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. நான் சங்கத்துக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு தெரு தள்ளி இருந்த அண்ணன் வீட்டிலேயே கிடந்தேன். அண்ணி குளிப்பதையும் தலை சீவுவதையும் விட்டுவிட்டாள். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே காபி குடித்துக்கொண்டிருந்தோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே தனியாக ஒரு பிரிவு இருப்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அங்கிருந்த டாக்டர் அண்ணனைப் பார்த்து மருந்து எழுதினார். ரோஸ்லின் என்று ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்வார் என்றார்கள். மறுநாளே ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். முப்பது வயதுகூட இருக்காது. பையிலிருந்து சின்னச் சின்ன மாத்திரைகளை எடுத்து அண்ணியிடம் கொடுத்தார்.

"நாலு மணி நேரத்துக்கு ஒருவாட்டி குடுக்கணுங்க. வலி வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. கடிகாரத்தப் பாத்துக் குடுங்க. மலச்சிக்கல் ஆகும், அதுக்கு இந்த மருந்து. எங்க சீட்டு இல்லாம இது வெளிய கெடைக்காது. பத்திரமா வெச்சுக்குங்க."

அவர் போன கையோடு, அண்ணனுடைய மகன் சரவணன் போனில் அந்த மாத்திரையின் பெயரைத் தட்டிப் பார்த்தான். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கிறவன். எதையும் போனில் பார்க்காமல் நம்ப மாட்டான். படித்துக்கொண்டே வந்தவன் சட்டென்று, "யப்பா, இது அபின்லருந்து எடுக்கறதாமே" என்றான்.

அண்ணன் ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தார். அண்ணி நீட்டிய மாத்திரையை வாங்கினார் என்றுதான் நினைத்தோம். வாங்கி, ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டார்.

"எனக்கு வேண்டாம். அந்தப் பழைய மாத்தரையக் குடு" என்றார்.

அண்ணியும் வற்புறுத்தவில்லை. அவளுக்கு வேறொரு பயம். பக்கத்து வீட்டு லட்சுமியக்கா அவளிடம், "இந்த மாத்தரை குடுக்கறாங்கன்னா டாக்டருங்க கை விட்டுட்டாங்கன்னு அர்த்தம். எங்க சித்தப்பாவுக்கும் குடுத்தாங்க, அடுத்த வாரமே போயிட்டாரு" என்று சொல்லியிருந்தாள். ஆக அண்ணனுக்கு அது போதை. அண்ணிக்கு அது சாவு. சரவணனுக்கு அது போனில் பார்த்த செய்தி. மாத்திரைகள் அலமாரியில், சாமி படத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டன. நான் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். சொல்லிப் பார்த்தேன். டிராயர் டாக்டர் பேச்சை யார் கேட்பார்கள்?

அந்த வாரத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பு இல்லை. சரவணன் ஊரில் இருக்கிற எல்லாக் கடைகளிலும் செட்டு வாங்கி வந்தான். அண்ணனுக்கு இரண்டிரண்டாகக் கொடுத்தார்கள். வயிறு எரிந்ததே தவிர வலி நகரவில்லை. பால்கூட இறங்கவில்லை. கால் இரண்டும் வீங்கிவிட்டன. ஒரு மத்தியானம் அண்ணன் என்னைப் பார்த்து, "பாப்பா, அம்மா எங்க போயிட்டா?" என்று கேட்டார். அம்மா போய்ப் பதினைந்து வருஷம் இருக்கும். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மறுபடி ரோஸ்லின் வந்தது ஒரு காலை நேரம். அண்ணனின் காலை அழுத்திப் பார்த்தார். தலையணைக்குக் கீழே இருந்த அட்டைகளை எடுத்துப் பார்த்தார். "இத இனிமே குடுக்காதீங்க. கிட்னிக்கு ஆகாது" என்று அண்ணியிடம் சொன்னார். பிறகு கட்டிலைத் தொடாமல், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்த ஒரு காரியத்தைப் பார்த்ததும், இந்தப் பெண் இந்த வேலையில் ரொம்ப நாள் இருந்தவர் என்று எனக்குத் தோன்றியது.

"அண்ணா, நான் குடுத்த மாத்தரை போடலீங்களா?"

அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடியே, "அது அபின்தானுங்களே சிஸ்டரு?" என்றார்.

"அதுலருந்து எடுக்கறதுதாங்கண்ணா."

இல்லை என்று சொல்லுவார் என்று நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்தோம். அண்ணனும் எதிர்பார்த்திருப்பார் போல. மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"எங்கூட்டாளி ஒருத்தன் அதத் தின்னுட்டு ஓட்டித்தான் தொப்பூர்ல செத்தான். நான்தான் எறக்குனேன். மூஞ்சியே இல்ல."

ரோஸ்லின் பையை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். "அவரு எதுக்குத் தின்னாருங்க?" என்று கேட்டார்.

"தூங்காம ஓட்டறதுக்கு."

"உங்களத் தூங்க வெக்கறதுக்குக் குடுக்கறோம்ணா. எத்தன நாளாச்சு நீங்க தூங்கி?"

அண்ணன் திரும்பவும் ஜன்னலைப் பார்த்தார்.

"நீங்க சொல்றது நெசந்தான். இதப் போட்டுட்டு வண்டி ஓட்டக் கூடாது. அத நானே சொல்லிருப்பேன்" என்றார் ரோஸ்லின். அப்புறம், காய் வாங்கப் போகிறவரிடம் பை இருக்கிறதா என்று கேட்பதுபோல, "நீங்க வண்டி ஓட்டப் போறீங்களாண்ணா?" என்றார்.

அந்த வீட்டில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அடுப்பில் என்னவோ பொங்கி வழிந்தது. அண்ணி போய் அணைக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆடி முடிந்து, ஆவணியும் பாதி போயிருந்தது.

"இனிமே ஓட்ட முடியாதுங்களா?" என்றார் அண்ணன்.

"முடியாதுங்கண்ணா."

அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் பார்த்தார். விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. ரொம்ப தூரம் ஓட்டி வந்த வண்டியை ஓரம் கட்டி நிறுத்துகிறவர் மாதிரி மூச்சு விட்டார்.

"அப்பக் குடுங்க" என்றார்.

அண்ணி சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தாள். "சிஸ்டரு, இதக் குடுத்தா..." என்று இழுத்தாள்.

"நோவு எவ்ளோ இருக்குதோ அதுக்குத்தாங்க்கா மருந்து. மிச்சமிருக்கற நாளப் பாத்துக் குடுக்கறதில்ல" என்றார் ரோஸ்லின்.

முதல் இரண்டு நாள் அண்ணன் தூங்கினார். தூங்கினார் என்றால் அப்படி ஒரு தூக்கம். அண்ணி அரைமணிக்கு ஒருதரம் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். சரவணன் ரோஸ்லினுக்குப் போன் செய்து கத்தினான். அவர் பொறுமையாக, எழுப்பினால் கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, மூச்சு சீராக இருக்கிறதா என்று கேட்டார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "எத்தனையோ நாளு கடனுங்க அந்தத் தூக்கம், தூங்கட்டும்" என்றாராம். மூன்றாம் நாள் அண்ணன் எழுந்து உட்கார்ந்து, "களி கெளறியிருக்கறயா?" என்று அண்ணியைக் கேட்டார். எத்தனையோ நாளுக்கப்புறம் மல்லாந்து படுத்து எழுந்த மனிதர். ஜன்னல் கம்பிப் பக்கமே போகவில்லை. கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரைச் சாறும் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டார். அண்ணி சமையலறையில் போய் உட்கார்ந்து அழுத சத்தம் வெளியே வரை கேட்டது.

வலி முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இருந்தது. ஆனால் ஒரு மூலையில், கட்டிப்போட்ட நாய் மாதிரி இருந்தது. ரோஸ்லின் வாரா வாரம் வந்து, டாக்டரிடம் கேட்டு அளவைக் கூட்டியும் சரிபார்த்தும் போனார். வந்ததும் முதல் கேள்வி, வெளிக்குப் போனாரா என்பதுதான். அண்ணன் வெட்கத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். "கல்யாணம் ஆவாத பொண்ணுகிட்டப் பேசற பேச்சா இது?" என்று என்னிடம் முணுமுணுப்பார். ரோஸ்லினுக்கு இரண்டு குழந்தைகள் என்று சொன்னாலும் நம்பவில்லை.

அப்புறம் ஒன்று நடந்தது. நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்காதது. அண்ணனும் அண்ணியும் பேச ஆரம்பித்தார்கள்.

முப்பத்து மூன்று வருஷக் கல்யாணம். சேர்ந்தாற்போல ஒரு வாரம் அவர் வீட்டில் இருந்ததில்லை. இருந்த நாளிலும் ஒத்தடம், தூக்கம், கிளம்பல். இப்போது காலையில் பல் துலக்கிவிட்டதும் ஆரம்பிப்பார்கள். வாசலில் ஒரு நாற்காலியில் அவர், பக்கத்தில் முறத்தை வைத்துக்கொண்டு அவள். தெருவில் போகிறவர்கள், "என்னா, புது ஜோடி" என்று கேலி செய்துவிட்டுப் போவார்கள். எதற்குச் சண்டை போடுவார்கள், எதற்குச் சிரிப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஒருநாள் நான் போனபோது அண்ணி முறத்தைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"கேட்டயாம்மா உங்கண்ணன் பண்ண வேலைய? நாக்பூர் ஆரஞ்சு, நாக்பூர் ஆரஞ்சுன்னு தெருவெல்லாம் குடுத்தோமே. பாதி நாளு சேலத்துல வாங்குனதாம்!"

"நாக்பூருக்கே போவாத மாசம் என்ன பண்றது? வெறுங்கையோட வரச் சொல்றயா?" என்றார் அண்ணன். அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. முப்பது வருஷம் சுமந்த குற்றத்தை இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தார்.

"முப்பது வருசத்துல இவரு இத்தன நாளு வூட்ல இருந்ததே இல்ல" என்று அன்று அண்ணி என்னிடம் சொன்னாள். அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

லட்சுமியக்காவின் சித்தப்பா மாதிரி அண்ணன் அடுத்த வாரம் போகவில்லை. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி எல்லாம் இருந்தார். தீபாவளிக்குப் பேரனை மடியில் வைத்துக்கொண்டு மத்தாப்பு கொளுத்தினார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு குறைந்தது. சாப்பாடு குறைந்தது. கார்த்திகையில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், அண்ணி வாய் நனைக்கத் தண்ணீர் எடுத்து வருவதற்குள் மூச்சு நின்றிருந்தது. முகத்தில் வலியின் கோடு ஒன்றுகூட இல்லை. எனக்கு அழக்கூட வரவில்லை. உடம்பெல்லாம் அசதி. அந்த அசதி இன்னும் முழுக்கப் போகவில்லை.

காரியம் முடிந்ததும் ரோஸ்லின் மிச்ச மாத்திரைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்தார். அவற்றை வீட்டில் வைத்திருக்கக் கூடாதாம். அண்ணி இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். லட்சுமியக்கா பின்னாலேயே வந்து நின்று, தயங்கித் தயங்கி, "ஏம்மா, நோவுக்கு இவ்ளோ கேக்குதே, எனக்கு மூட்டுவலி. ரெண்டு குடுத்துட்டுப் போயேன்" என்றாள்.

ரோஸ்லின் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "மூட்டுவலிக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க்கா, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினார். அன்று அவர் இன்னும் எத்தனை வீடு போக வேண்டியிருந்ததோ. ஒரு கையால் முதுகைப் பிடித்துவிட்டுக்கொண்டே போனதைப் பார்த்தேன். பிறகு அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம்.

இப்போது மூன்று வருஷமாகிறது. ஊசி கொதித்துக்கொண்டிருந்த டாக்டர் வீட்டை இடித்து, கீழே செல்போன் கடையும் மேலே வாடகை வீடும் கட்டிவிட்டார்கள். அண்ணன் ஓட்டிய வண்டியை மொதலாளி விற்றுவிட்டார். யார் வாங்கினார்கள், எந்த ரோட்டில் ஓடுகிறது என்று தெரியாது. அண்ணி அதே வீட்டில்தான் இருக்கிறாள். மாலையில் நான் போனால் இரண்டு பேரும் டிவி பார்ப்போம். டிவி தன்பாட்டுக்குப் பேசும்.

முந்தாநாள் கரண்ட் போய்விட்டது. சும்மா உட்கார்ந்திருந்தோம். எனக்கு ரொம்ப நாளாகக் கேட்க வேண்டும் என்றிருந்தது. "அண்ணி, அந்த மூணு மாசமும் அப்படி என்னதான் பேசுனீங்க ரெண்டு பேரும்?" என்றேன்.

அண்ணி யோசித்தாள்.

"என்னத்தப் பேசுனோம். அவரு போன ஊரெல்லாம் சொன்னாரு. எங்க எறங்குனா எந்தக் கடையில டீ நல்லாருக்கும், எந்த ஆத்துல குளிச்சாரு, அதெல்லாம் சொன்னாரு. நான்தான் எங்கியும் போனதில்லயே. உக்காந்து கேட்டுட்டிருந்தேன்."

"சொல்லுங்க, ஏதாச்சும் ஒண்ணு."

அண்ணி வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"ஊரு பேரெல்லாம் மறந்து போச்சும்மா. அவரு சொன்ன குரலு மட்டும் கேட்டுட்டு இருந்துது. இப்பக் கொஞ்ச நாளா, அதுவும் சரியாக் கேக்கறதில்ல."